சனிக்கிழமைப் பாட்டும் முனுசாமியின் ஷிப்டும்

என் ராசா, சேகர் அண்ணாவுக்கு,

உன் மேல் கோபமாக இருக்கிறேன். போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் அம்மா. மஞ்சள் காமாலையை, "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடியவனிடம் வேறு எப்படிப் பேசுவது? ஆனால் இன்றைய கோபம் அதற்காக இல்லை, உன் ரேடியோவுக்காக.

ரேடியோ என்று நாம்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். கல்லூரிப் படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை, ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு மைக், மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் சினிமா ரெக்கார்டு போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் மல்லுக்கட்டி, சனிக்கிழமையை மட்டும் நம்ம சுரங்கத் தொழிலாளர் லைன் பாட்டுக்காரர்களுக்கு வாங்கிக் கொடுத்தாய். ஒரு குழாயை மதிலுக்கு அந்தப் பக்கம் திருப்பியும் வைத்தாய். லைன் வீட்டுப் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து கேட்டார்கள்.

நீ போன பிறகு அறைச் சாவியை, அதே கல்லூரியில் படிக்கிறேன் என்று என்னிடம் கொடுத்தார்கள். உனக்கு யார் அனுமதி கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நீ பிரின்சிபாலைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய், அவரும் தலையாட்டியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது அண்ணா?

இந்த வருடம் ரேடியோவுக்குப் பொறுப்பாக பெங்களூரிலிருந்து ஒரு லெக்சரர் வந்திருக்கிறார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தும்மினால்கூட அவருக்கு ஒரு விதி வேண்டும். மைக்கில் பாடுகிறவர்கள் முதலில் அவர் முன்னால் பாடித் தேற வேண்டும், தேறியவர்கள் மட்டும்தான் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மைசூர் மைன்ஸ் லைனிலிருந்து ஏழுமலை அண்ணன் தன் பாட்டு செட்டோடு வந்தார். மாப்பிள்ளையைக் கேலி செய்யும் அந்தப் பாட்டைப் பாடியபோது லெக்சரரின் விரல் தானாக மேஜையில் தாளம் போட்டது. தேறினார்கள். பெயர்களை எழுதிக் கதவில் ஒட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே ஆர்மோனியத்தோடு வேறு ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் டோலக் முனுசாமி அண்ணன். லெக்சரர் கதவையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும்மா இவங்க? போன வாரம் பாடினவங்க எங்கே?"

"அவுங்க இப்ப காலை ஷிப்டு சார். சுரங்கத்துக்குள்ள கீறாங்க," என்றார் முனுசாமி அண்ணன். "நாங்களும் இதே செட்டுதான்."

"ஒரு குழுன்னா இப்படி ஆள் மாறலாமா?"

"ஷிப்டு மாறிக்கினே இருக்குது. நாங்க இன்னா சார் பண்றது?"

பாடாமலே திரும்பினார்கள். நம்ம ஊரில் ஒரு செட் என்றால் அது மூன்று ஷிப்டிலும் சிதறிக் கிடக்கும், கல்யாணமோ சாவோ அந்த நேரம் சுரங்கத்துக்கு மேலே இருக்கிறவர்கள் போய்ப் பாடுவார்கள் என்பதை அவருக்கு எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். கதவில் ஒட்டிய பெயர்களையே காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் காலத்தில் சனிக்கிழமைதோறும் ஏழுமலை அண்ணன்தானே பாடினார், அது எப்படி முடிந்தது? அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"சேகரு எங்கள மாத்திக்கச் சொல்லிக் கேட்டுக்குவாரும்மா," என்றார். "எனக்குக் காலை ஷிப்டு விழுந்தா, மதிய ஷிப்டு ஆள் யார்னா எனக்குப் பதிலா இறங்குவாங்க. நான் அவுங்களுக்குப் பதிலா இறங்குவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "வர்ற சனிக்கிழம சேகருக்கு வருஷத் திதியாச்சே. அவருக்காக இன்னொரு தபா மாத்திக்கலாம்."

அன்று உன்னை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கதவில் பெயர் இருந்த அத்தனை பேரும் வந்தார்கள், துவைத்த சட்டையோடு. ஏழுமலை அண்ணனுக்குப் பதிலாக முனுசாமி அண்ணனும், மற்றவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களும் காலையிலேயே கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியிருந்தார்கள். லெக்சரர் பெயர்களைச் சரிபார்த்துவிட்டு, "இப்படித்தான் இருக்கணும்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டாவது பாட்டின் நடுவில் தரை ஆடியது. அலமாரியிலிருந்த ரெக்கார்டுகள் விழுந்தன. அடியில் எங்கேயோ பாறை வெடித்துச் சரிந்திருக்கிறது, நாம் ஏர்பிளாஸ்ட் என்போமே, அதுதான். ஏழுமலை அண்ணன் ஆர்மோனியத்தை அப்படியே விட்டுவிட்டு சுரங்க ஷாஃப்ட் பக்கம் ஓடினார், மற்றவர்களும் ஓடினார்கள். மைக் திறந்தே இருந்தது. பாட்டு நின்றதையும் அவர்கள் ஓடியதையும் லைன் முழுக்கக் கேட்டிருக்கிறது.

நானும் ஓடினேன். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே லெக்சரரும் பின்னால் வந்தார். ஒவ்வொரு முறை கேஜ் மேலே வந்தபோதும் கூட்டம் முகங்களைத் தேடியது. முனுசாமி அண்ணனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது. இடது கால்தான் நசுங்கிப் போயிருந்தது.

அவர் மனைவி ஏழுமலை அண்ணனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "பாட்டு முடிஞ்சிச்சாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து ஏழுமலை அண்ணன் ஆர்மோனியத்தைத் தொடவில்லை.

இப்போது சொல் அண்ணா. நீ சனிக்கிழமைதோறும் கேட்டாயே, யார் யார் பதிலுக்கு இறங்கினார்கள் என்று ஒரு நாளாவது விசாரித்தாயா? நம்ம நைனா ஆயுசு முழுக்கச் சுரங்கத்தில் இறங்கினவர். அந்த வீட்டில் பிறந்த உனக்குத் தெரியாமலா இருக்கும்? சனிக்கிழமை மதியத்துக்குப் பதில், எல்லோரும் மேலே இருக்கும் ஒரு லீவு நாளைக் கேட்டு வாங்கியிருக்கலாமே. யார் வந்தாலும் செட் செட்டுதான் என்று அன்றே அடித்துப் பேசியிருக்கலாமே. சரியாகிவிடும் என்று இதையும் விட்டுவிட்டாயா?

திங்கட்கிழமை லெக்சரரிடம் போனேன். "விதியை மாத்துங்க சார். நீங்களே கண்ணால பாத்தீங்க."

"பார்த்தேன்மா. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. கமிட்டி கூடட்டும்."

கமிட்டி கூடுகிறது, கூடுகிறது, இன்னும் கூடி முடியவில்லை. ஸ்ட்ரெச்சரைப் பிடித்து நடந்த மனிதர் அவர். அவரே இப்படிச் சொன்னால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? சனிக்கிழமைகளில் மறுபடி சினிமா ரெக்கார்டு ஓடுகிறது. மதில் பக்கத்துக் குழாயையும் உள்பக்கம் திருப்பிவிட்டார்கள்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். இனி பாட்டுக்காக யாரையும் ஷிப்ட் மாற்றிக்கொள்ள விட மாட்டேன், உன் பெயரைச் சொன்னால்கூட. நேற்று முனுசாமி அண்ணனைப் பார்க்கப் போனேன். காலில் கட்டோடு படுத்திருந்தார். "எனக்குத்தான் இப்ப எந்த ஷிப்டும் இல்லியே," என்றார். "சனிக்கிழம தூக்கினு போம்மா. உக்காந்தே வாசிக்கிறேன்." வரும் சனிக்கிழமை அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் அந்த அறை வாசலில் வைப்பேன். அவர் பெயர் கதவில் இல்லை என்று லெக்சரர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா