நாற்பது பேருக்கான சாம்பார்

கெப்பாலா பத்தாஸ்,
3 மார்ச் 2025

என் அருமை மருமகள் காமினிக்கு, பதினாலாம் கட்டிலின் சக்கரவர்த்தி பக்கிரிசாமி மாமா, முடி துறக்குமுன் எழுதும் ஓலை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த முதியோர் இல்லத்தின் போன் ஆபீஸ் மேசையில் இருக்கிறது. நான் "ஹலோ" என்றால் பினாங்குப் பாலம் வரைக்கும் காதுகள் நீளுகின்றன.

எனக்கு விடுதலை! இல்லங்களில் வருடக்கணக்காகக் கிடப்பவர்களை மறுபடி ஊருக்குள் குடிவைக்கும் வேலையில் ஃபாத்தின் என்று ஒரு பெண் இருக்கிறாள். ஆயர் ஈத்தாமில் எனக்கு ஓர் அடுக்குமாடி வீடு பிடித்துவிட்டாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டாயிற்று. ஒரு மாதம் வெள்ளோட்டம். தேறினால் வீட்டிலேயே இருக்கலாம். தவறினால் திரும்பவும் பதினாலாம் கட்டில்.

ஒரே நிபந்தனை. நான் உயிரோடு இருக்கிறேனா என்று தினமும் எட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். கோபப்படாதே.

இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை, அம்மா. ஆனால் இந்த ஏழு வருடத்தில் ஒருவர்கூட என் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்ததில்லை.

இப்படிக்கு,
ஒரு கை ஒரு கால் வேலைநிறுத்தம் செய்தும் அசராத
மாமா


பாயான் பாரு,
9 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

உங்கள் ஓலையைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் தூக்கம் போய்விட்டது.

பக்கவாதம் வந்து நீங்கள் குளியலறையில் விழுந்து கிடந்த அன்று, கதவுக்கு வெளியே நின்றவள் நான். உள்ளே தாழ்ப்பாள். ஆளைக் கூட்டிக் கதவை உடைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அதனால்தான் உங்களை அங்கே சேர்த்தேன். எனக்குப் பேக்டரியில் மாற்றி மாற்றி ஷிப்ட். உள்ளே போய்விட்டால் போனைத் தொட முடியாது. தினமும் பார்த்துக்கொள்கிறேன் என்று ஃபாத்தினிடம் பொய் சொல்ல என்னால் ஆகாது. என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

நான் சொல்லி நிற்கிற ஆளா நீங்கள்? அம்மாவின் எவர்சில்வர் பாத்திரங்களைப் பெட்டி கட்டி அனுப்புகிறேன். உங்கள் அக்கா சாமான், உங்களுக்கே இருக்கட்டும்.

உங்கள்,
காமினி


ஆயர் ஈத்தாம்,
7 ஏப்ரல் 2025

அரிச்சந்திரனின் பேத்தி காமினிக்கு,

பெயரை எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருந்தது. சாம்பாரில் கரைந்துவிட்டது.

முதல் நாள் காலை எழுந்து கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன், யாரோ தேநீர் கொண்டுவருவார்கள் என்று. வெகு நேரம் கழித்துத்தான் புரிந்தது, அந்த யாரோ நான்தான்.

சரி, சமைப்போம் என்று இறங்கினேன். இல்லத்தின் சமையற்கட்டில் ஒற்றைக் கையால் பருப்புக் கிண்டியே காலம் தள்ளியவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே அளவு நாற்பது பேர் அளவு. கை அதையே அள்ளிப் போட்டுவிட்டது! அக்காவின் குண்டான் நிரம்பி, சட்டி நிரம்பி, வாளியும் நிரம்பியது. ஆயர் ஈத்தாம் அணையில்கூட அவ்வளவு தண்ணீர் கிடையாது.

கொட்ட மனம் வரவில்லை. அக்காவின் டப்பாக்களில் ஊற்றி, பையைக் கழுத்தில் மாட்டி, தடியை ஊன்றிக்கொண்டு மாடி முழுக்கக் கதவு தட்டினேன். எதிர்வீட்டு ஹபீபா பீவி மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்னண்ணே, வீட்டுல கல்யாணமா?"

"இல்லம்மா, கணக்குல பிழை."

விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு கம்மிலா."

பக்கத்து வீட்டுச் சிவநேசன், "நாங்க ரெண்டே பேருதான் அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே பெரிய டப்பாவாகப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

ஃபாத்தின் மாதக் கடைசியில் வருகிறாள், ஆள் காட்ட அதுவரைக்கும் தவணை கொடுத்திருக்கிறாள். எட்டிப் பார்க்க இன்னும் ஆள் அமையவில்லை. பதினாலாம் கட்டிலை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்களாம். இதை மட்டும் நான் மிகைப்படுத்தவில்லை.

மாமா


ஆயர் ஈத்தாம்,
28 ஏப்ரல் 2025

காமினி, காமினி, காமினி!

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர நம் ஜனங்களுக்குக் கை வராது. இல்லத்தில் இருந்து இருந்து இதை நான் மறந்தே போனேன். மறுநாளே ஹபீபா பீவி நம் டப்பாவில் மீன் ஆணமும் தன் கிண்ணத்தில் சோறும் கொண்டுவந்தார். அவர் கிண்ணத்தை நான் வெறுமையாகக் கொடுப்பதா? பயறு அவித்துக் கொடுத்தேன். அது முறுக்காகத் திரும்பியது. சிவநேசன் வீட்டோடும் இதே போர். இன்றுவரை எந்தத் தரப்பும் சரணடையவில்லை.

இன்று ஃபாத்தின் வந்து உட்கார்ந்து, பேனாவைத் திறந்து மலாயில் கேட்டாள். "அங்கிள், தினமும் யாரு வந்து பார்ப்பாங்க?"

நான் வாயைத் திறக்குமுன் கதவு தட்டும் சத்தம். ஹபீபா பீவி, டப்பாவோடு. அவர் போகுமுன் சிவநேசன்.

"நேத்து சாயங்காலம் வெளிய வரலையே அங்கிள்? வந்து தட்டினேன். குறட்டை கேட்டுச்சு. சரி, ஆள் நல்லாத்தான் இருக்காருன்னு போய்ட்டேன்லா."

நான் இதை ஃபாத்தினுக்கு மலாயில் சொன்னேன், கொஞ்சம் மசாலா தூவி. அவள் சிரித்துப் பேனாவை மூடினாள். "சுக்கோப்லா, அங்கிள்." போதுமாம். வீடு எனக்குத்தான்! பதினாலாம் கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

எட்டிப் பார்க்க ஆள் அனுப்பியது நீதான் பெண்ணே, எவர்சில்வரில் அனுப்பினாய். மாமாவைப் பார்க்கப் போகவில்லையே என்று இனி ஒரு நாளும் நினைக்காதே.

குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். நீ நிம்மதியாகத் தூங்கு. வீட்டுச் சாவியில் ஒன்று ஹபீபா பீவியிடம் இருக்கிறது. இன்னொன்றை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், அது உனக்கு. லீவு நாளில் வா.

ஆனால் சாவி இருக்கிறதே என்று திறந்துகொண்டு வந்துவிடாதே. தட்டு. நான் மெதுவாகத்தான் வருவேன். வந்து திறப்பேன்.

உன்
மாமா