மாடியில் ஒரு தாடிக்காரர்

ஏப்ரல் 2

மாவடுவைக் குலுக்கி வைத்தேன். மாடியில் குடியிருந்த பையன் நேற்று ராத்திரி திடீரென்று காலி செய்து பெங்களூர் போய்விட்டான். இவர் காலையிலேயே வாசலில் போர்டு மாட்டிவிட்டார்: 'மாடி போர்ஷன் வாடகைக்கு. வெஜிடேரியன் மட்டும்.' அந்தப் பையனும் வெஜிடேரியன் என்று சத்தியம் பண்ணித்தான் வந்தான்.

துடைப்பத்தோடு மேலே போனேன். மூலையில் பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே மணல், ஒரு கட்டை, கட்டை மேல் முழ நீளத்துக்கு ஒரு ரப்பர் ஓணான். தாடையைச் சுற்றித் தாடி மாதிரி முள். பொம்மையை மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று கையை நீட்டினேன். அது கண்ணைச் சிமிட்டியது. நான் போட்ட கூச்சலில் இவர் சந்தியாவந்தனத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

பையனுக்கு ஆறு தடவை போன் பண்ணினேன். கடைசியில் எடுத்தான். "அது பியர்டட் டிராகன் ஆன்ட்டி. ஆஸ்திரேலியா ஓணான். இங்க பிஜி ஹாஸ்டல்ல ஒத்துக்க மாட்டாங்க. எங்கயாவது மரத்துல விட்ருங்களேன்." வைத்துவிட்டான்.

கட்டிலடியில் ஒரு டப்பா. திறந்தால் தவிட்டுக்குள் நெளிகிற புழுக்கள். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஒரு வருஷமா நம்ம தலைக்கு மேல புழு வளர்த்திருக்கான்! கீழ நான் சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் பண்ணிண்டிருக்கேன்!"

ஏப்ரல் 3

கொள்ளிடக் கரையில் விட்டுவிடலாம் என்றார். ஒரு நிமிஷம் போதும், காக்காய் கொத்திவிடும். முடியாது என்றேன். எனக்கு இரக்கம் ஜாஸ்தி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பால்காரன் கேட்டால் சிரிப்பான். ஆனால் ஒரு உயிரை நாற்காலி மாதிரி விட்டுவிட்டுப் போவதா? அதில்தான் எனக்குக் கோபம்.

புழு டப்பாவை இவர் தென்னை மரத்தடியில் கவிழ்த்துவிட்டார். மைனாக்களுக்கு விருந்து.

ஏப்ரல் 6

என்ன வெயில்! ரேழியில் நிற்க முடியவில்லை. பாவம், எங்கிருந்தோ வந்த ஜீவன். அந்தப் பாவி தொட்டிக்கு மேல் ஒரு பல்பு வேறு கட்டியிருந்தான், அடுப்பு மாதிரி கொதிக்கிறது. முதல் வேலையாக அதைக் கழற்றி எறிந்தேன். தொட்டியை இரண்டு பேருமாகத் தூக்கிக் கீழே கிணற்றடி அறைக்குக் கொண்டு வந்தோம். இந்த வீட்டிலேயே அங்கேதான் ஜில்லென்று இருக்கும். மேலே ஈரத் துண்டு, பக்கத்தில் டேபிள் ஃபேன். வெள்ளரிக்காயும் முருங்கைக் கீரையும் நறுக்கி வைத்தேன். எனக்கே அங்கே படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பெயர் வைக்கவில்லை. தாடி என்று கூப்பிடுகிறேன்.

ஏப்ரல் 11

வீடு பார்க்க ஒரு பெண் வந்தாள். விஜயராணி, மணப்பாறைக்காரி, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை. "முட்டை மட்டும் சாப்பிடுவேங்க. நைட் டூட்டி முடிச்சு வந்தா ஒரு ஆம்லெட், அவ்வளவுதான்" என்றாள். இவர் கைகூப்பிவிட்டார். அவள் முகம் வாடியதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. என்னிடம் நம்பர் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பையன் மாதிரி 'சத்தியமா வெஜிடேரியன்' என்று சொல்லியிருந்தால் சாவி கைக்கு வந்திருக்கும்.

தாடி கீரையைத் தொடவில்லை.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். தாடி கண்ணையே திறக்கவில்லை. துண்டை மறுபடி நனைத்துப் போட்டேன்.

ஏப்ரல் 17

காலையில் பின்னங்கால் இரண்டும் நடுங்கின. கட்டையில் ஏறப் பார்த்து நழுவி விழுந்தது. பூக்கூடையில் வைத்து, ஆட்டோ பிடித்துத் தில்லைநகர் போனேன். டாக்டர் அனிஷா. சின்ன வயசுதான். தாடியைத் தடவிப் பார்த்துவிட்டு "எங்க வச்சிருக்கீங்கம்மா?" என்றாள். கிணற்றடி, ஈரத் துண்டு, ஃபேன் எல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "இது பாலைவனத்து ஜீவன்மா. உடம்புல சூடு ஏறினாத்தான் தின்னது செரிக்கும். அதான் வாய வைக்கல. நீங்க நம்மளுக்குப் பண்ற மாதிரி அதுக்குப் பண்ணிட்டீங்க."

வெயிலிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நான் அதைச் சாக விட்டுக்கொண்டிருந்தேன்! வெயிலுக்கு இங்கே பஞ்சமா? ஊரே அதைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறது?

எலும்பு ஏற்கெனவே பலவீனமாம். அந்தப் பையன் வெயிலே காட்டவில்லை. கால்சியம் பொடி கொடுத்தாள். தினம் மாடியில் காலை வெயில், பக்கத்தில் ஒதுங்கக் கொஞ்சம் நிழல். அப்புறம் புழு. "கட்டாயமா?" என்றேன். "வளர்ற உடம்பும்மா. கீரை மட்டும் போதாது." பிழைக்குமா என்று கேட்டதற்கு, "தின்ன ஆரம்பிச்சா பிழைக்கும்" என்றாள்.

ஆட்டோவில் வரும்போது அழுதேன். அண்ணா சிலை தாண்டுகிற வரைக்கும் அழுதேன். வந்ததும் ஈரத் துண்டையும் ஃபேனையும் எடுத்துவிட்டு, தொட்டியைக் கூடத்துக்கு மாற்றினோம்.

ஏப்ரல் 18

ஆத்துல ஒரே ரகளை. "ஒரு உசிரைக் கொன்னு இன்னொரு உசிரை வளக்கறதாவது! நாலு தலைமுறையா இந்த ஆத்துல வெங்காயமே நுழைஞ்சதில்ல!" என்றார். "அதுக்கு அதுதான் தளிகைன்னு பெருமாள் வச்சிருக்கார். நீங்க வேணும்னா அவர்கிட்டயே போய்ச் சண்டை போடுங்கோ" என்றேன். சாயங்காலம் சமாதானத்துக்கு வந்தார். புழு நிலைவாசப்படி தாண்டக் கூடாது. பின்பக்கப் படிக்கட்டு வழியாக நேரே மொட்டைமாடிக்குப் போக வேண்டும். அவர் தொட மாட்டார். சரி என்றேன்.

ஏப்ரல் 19

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் போய், பாலக்கரைப் பக்கம் மீன் தொட்டி விற்கிற கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் மீரான் பாய் என்னையும் என் மடிசாரையும் பார்த்துவிட்டு, "வாஸ்து மீனா, மாமி?" என்றார். புழு என்றதும் எழுந்தே நின்றுவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அல்லா, பச்சப்புள்ளய பட்டினி போட்டுட்டீங்களே!" என்று துள்ளுகிற புழுவாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

பஸ்ஸில் டப்பா பைக்குள் கிடக்க, அதன் மேல் மல்லிகைப்பூ. பக்கத்து சீட்டு அம்மாள் "கோவிலுக்கா?" என்றாள். தலையை ஆட்டி வைத்தேன்.

மாடியில் இடுக்கியால் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, புழுவிடம் மன்னிப்புக் கேட்டு, நீட்டினேன். தாடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 21

இன்றும் இல்லை. வெயிலில் மட்டும் நிறம் மாறுகிறது. சாம்பல் போய் மஞ்சள் ஓடுகிறது. அது நல்லதுதானே? யாரைக் கேட்பது?

ஏப்ரல் 23

தின்றது! ஒன்று. நாக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மொட்டைமாடியில் நின்று கைதட்டினேன். ராஜகோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டேன்.

மே 6

கத்திரி வெயில். பின்படியில் கால் பிசகிவிட்டது. கணுக்கால் பூரி மாதிரி உப்பிக் கிடக்கிறது. பத்து நாள் மாடி ஏறக் கூடாதாம். தாடி இப்போதுதான் நாலு புழு தின்கிறது. வெயில் நின்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். படுத்துக்கொண்டே புலம்பினேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மே 7

காலையில் குடையைக் காணோம். தொட்டியில் தாடியையும் காணோம். ஒரு மணி நேரம் கழித்து, வேஷ்டி நனைய வேர்த்துக்கொண்டு இறங்கி வந்தார். "காக்கா சுத்திண்டே இருந்தது. விட்டுட்டு வர முடியல."

"புழு குடுத்தேளா?"

"நான் குடுக்கல. டப்பா தொறந்து இருந்தது."

சிரிப்பை அடக்கக் கால் வலிதான் உதவியது.

மே 19

கால் சரியாகிவிட்டது. சொல்லவில்லை. நொண்டிக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 8

கொல்லைப்பக்கம் போனில் ரகசியமாக யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். "பாய், போன தடவ குடுத்தது சின்னதா இருந்தது. அவருக்குப் பத்தலை." தாடி எப்போது 'அவர்' ஆனார்?

ஜூன் 21

டாக்டர் அனிஷா தாடையை அழுத்திப் பார்த்து, கெட்டியாகிவிட்டது என்றாள். கால் நடுக்கம் இல்லை. மேஜை மேல் நாலு காலில் நிமிர்ந்து நின்று அவளையே முறைத்தது. இவரும் வந்திருந்தார். வெளியில்தான் நிற்பேன் என்றவர், பேர் கூப்பிட்டதும் எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டார்.

ஜூலை 13

வீடு பார்க்க ஒரு தம்பதி. "நாங்க சுத்த வெஜிடேரியன் சார். அந்த வாசனையே ஆகாது." இவருக்கு வாயெல்லாம் பல். மொட்டைமாடியைக் காட்ட அழைத்துப் போனார். அங்கே தாடி வாயோரத்தில் பாதிப் புழுவோடு உட்கார்ந்திருந்தது. அந்தம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதைக் கொண்டு போய் விட்டுட்டாத்தான் நாங்க வர முடியும்" என்றாள்.

இவர் தாடியைப் பார்த்தார். மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு.

"அவர் இந்தாத்து மனுஷா. அவருக்கு வெயில் வேணும். நீங்க வேற இடம் பார்த்துக்கோங்கோ" என்றார்.

ராத்திரி தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அந்த நர்ஸ் பொண்ணு நம்பர் குடுத்தாளே, இருக்கா?"

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஐந்து வகை சாதமும் கிளறி முடித்தபோது மாடியிலிருந்து ஆம்லெட் வாசனை இறங்கி வந்தது. விஜயராணி டூட்டி முடித்து வந்துவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த இவர் மூக்கைச் சுருக்கினார். நிமிர்ந்து மேலே பார்த்தார். நான் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

"வெயில் வந்துடுத்து" என்றார். தாடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு படியேறினார்.