உச்சத்தை எட்டினால் வருவான்

ஜூலை 7, 2024, ஞாயிறு
எங்கள் தெரு செல்வின் ஒசாகாவிலிருந்து கூப்பிட்டான். வெல்டிங் வேலை பழகிவிட்டதாம். "இங்கே நான் அந்த ஜப்பான்காரி பாட்டைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஆளுக்கொரு காதில் ஹெட்செட் மாட்டிக் கேட்டோமே, அதே பாட்டு. கார்ட்டூனில் ஊரே பற்றி எரியும்போது வரும். முனகலாகத் தொடங்கி, கடைசியில் ஒரே மூச்சில் உச்சத்துக்கு ஏறிவிடுவாள். ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் அழுகை வரும்.

"அந்த உச்சத்த நீ எட்டிட்டேன்னா சொல்லு, மறு ஃப்ளைட்ட புடிச்சு வந்துருதேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 20
பாடிப் பழக நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனிதான் வசதி. தறி ஓடும்போது யார் கத்தினாலும் கேட்காது. எதிர்த் தறி பாண்டிசெல்வி அக்கா என் வாயையே பார்த்துவிட்டு, வந்து காதில் கத்தினாள்: "ஏட்டி எலினா, பல்லு வலிக்கா?"

அக்டோபர் 9
உச்சத்தில் குரல் உடைகிறது. அவன் போனும் குறைகிறது.

நவம்பர் 24
கிறிஸ்துமஸுக்காக அந்த மெட்டுக்குத் தமிழில் சொற்கள் போட்டேன். 'வாரும், சீக்கிரம் வாரும்' என்று. பாடகர் குழு நடத்தும் தேவஇரக்கம் அண்ணாச்சி சந்தேகமாகப் பார்த்தார்.

"சினிமா மெட்டா இருந்தா சபை ஐயர் வைவாரு."

"வெளிநாட்டு மெட்டு அண்ணாச்சி."

"அப்பஞ் சரி. நம்ம ஞானப்பாட்டு மெட்டெல்லாம் வெளிநாட்டுலருந்து வந்ததுதான?"

அடப்பாவமே! கார்ட்டூன் என்று தெரிந்தால் நான் தீர்ந்தேன்.

டிசம்பர் 25
கோயிலில் பாடினேன். இயேசுவைக் கூப்பிடுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆண்டவரே, மன்னியும். உச்சத்தில் உடைந்து அழுதுவிட்டேன். பக்தி என்று நினைத்து, செல்வினின் அம்மா ஜெயபாய் அத்தை கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வீடியோவை அவனுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 16, 2025
நான் அனுப்புன மெசேஜ பாத்துட்டான். பதில் இல்ல. ஏன்டா? ரெண்டு வரி எழுத அம்புட்டு கஷ்டமா? நீ வேணும்டா எனக்கு –

ஏப்ரல் 6
ஜெயபாய் அத்தை வீட்டுக்கு வந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பு.

"மே மாசம் செல்வினுக்குக் கல்யாணம். நாகர்கோவில் பொண்ணு. லீவுக்கு வாறான். பொண்ணு கோயிலுக்குள்ள வரும்போது நீ அந்த 'வாரும்' பாட்டைப் பாடணும்மா. அம்புட்டுப் பொருத்தமா இருக்கும்."

"சரி அத்தை" என்றேன். வேறு என்ன சொல்ல?

மே 14
பாடினேன். உச்சம் உடையாமல் வந்தது. கோட்டு போட்டு முன்னால் நின்ற செல்வின், வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். எட்டினால் வருவேன் என்றவன். வந்துதான் நின்றான்.

பந்தியில் பாண்டிசெல்வி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதத்தான் தறியில பாடுனியாட்டி? நான் பல்லு வலின்னுல்லா நெனச்சேன்."

"இப்ப வலி இல்லக்கா" என்றேன்.

பொய்தான்.