கோபுரவீட்டின் கீழ்த்தளம்

ஒக்டோபர் 14

கண்டிப் பக்கம் பன்விலவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் பாழடைந்து நிற்கும் கல்வீட்டை இன்று அளக்கத் தொடங்கினேன். அதை விடுதியாக்கலாமா என்று ஒரு கம்பனி, கட்டடக்கலைஞர் என்று என்னிடம் கேட்டிருக்கிறது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் வந்த ஸ்கொட்லாந்துத் துரை ஒருவர், தன் ஊர்ப் பிரபுக்களின் கோபுரவீட்டைப் போலவே கட்டியது. அகலம் இல்லை, உயரம்தான். அங்கே பகைவருக்குப் பயந்து அப்படிக் கட்டினார்கள். இங்கே இவருக்கு யாரிடம் பயம்? அட்டையிடமா?

கீழ்த்தளம் முழுவதும் கல்லால் வளைத்த கூரை. மூலையில் சுழல்படி. மேலே மண்டபம், அதற்கும் மேலே கூரை போய் மரம் முளைத்த அறைகள். கோப்பியில் நோய் விழுந்ததும் துரை கப்பலேறிவிட்டாராம்.

கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. கம்பனி அதை எனக்குச் சொல்லவில்லை.

ஒக்டோபர் 15

தோட்டத் தொழிலாளி சுமன், மனைவி லோகேஸ்வரி, இரண்டு பெண் பிள்ளைகள். அவர்கள் இருந்த லயத்து வரிசைவீட்டின் கூரையைக் காற்று கொண்டுபோனதிலிருந்து இங்கேதான். லோகேஸ்வரி பிளேன்டீ தந்துவிட்டுக் கேட்டாள்: "இதுக்குள்ள நாங்க இருக்கலாமா மிஸ்? ஒங்களுக்குத்தான தெரியும்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஒக்டோபர் 23

மேற்சுவரில் பெரிய வெடிப்பு. என்றோ ஒருநாள் விழும். வளைகூரை வேறு மாதிரி. பாரம் ஏற ஏறக் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும். பக்கச் சுவர்களும் அசையாத தடிப்பு. மேலே எரிந்தாலும் இடிந்தாலும் கீழே இருப்பது தப்பவேண்டும் என்றுதான் அந்த நாட்டில் இப்படி வளைத்தார்கள்.

படியில் ஏறவேண்டாம், வெளிச்சுவரோரம் நிற்கவேண்டாம், மழையென்றால் வளைவுக்குக் கீழேயே இருங்கள் என்றேன்.

"இது விழாதா மிஸ்?"

"விழாது."

வீட்டில் கணவர் ரிஷியிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: "எழுதிக் குடுப்பீரோ?"

குழம்புச் சட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

நவம்பர் 27

விடாத மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தொடுமளவுக்கு மகாவலி ஆறு. கரண்ட் இல்லை.

நவம்பர் 28

சுமனின் போன் வேலை செய்யவில்லை. பன்வில வீதியெல்லாம் மண்சரிவு. சந்திக்குப் போன ரிஷி வந்து வாசலிலேயே நின்றார். "தோட்டத்துக் கோபுரம் விழுந்திட்டுதாம்."

என்ர வாயாலதானே சொன்னனான். விழாதெண்டு. போங்கோ எண்டு ஏன் சொல்லேல்ல? போறதெண்டா எங்க போவினம் — ஆனாலும் அந்தப் பிள்ளையள் —

நவம்பர் 29

ஒரு தகவலும் இல்லை.

டிசெம்பர் 1

வீதி பாதி திறந்தது. ரிஷி கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து நடந்தேன். வீதி வளைவில் திரும்பினால் வழக்கமாகக் கோபுரம் தெரியும். இன்று வானம்தான் தெரிந்தது. 

பிறகு கற்குவியலின் பக்கத்திலிருந்து புகை. அடுப்புப் புகை.

மண்டபமும் அறைகளும் மொத்தமாக வளைகூரையின் முதுகில் விழுந்திருந்தன. வளைவு தாங்கிக்கொண்டது; கீழ்வாசலும் அடைபடவில்லை. உள்ளே சுமன் குடும்பம் மட்டுமல்ல. மலை சரியத் தொடங்கியதும் கீழ் லயத்திலிருந்து ஓடிவந்த அத்தனை பேரும். லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்.

லோகேஸ்வரி என் கையைப் பிடித்தாள். "விழாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல மிஸ், அதான் எல்லாத்தையும் உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன்."

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதேனா, சிரித்தேனா தெரியாது.

எழுந்ததும் முதல் வேலையாக நானும் சுமனும் எல்லோரையும் வெளியே கூட்டிவந்தோம். இனி அதை நம்பச் சொல்ல என்னால் முடியாது. பின்னேரம் பாடசாலையில் தங்க இடம் கிடைத்தது.

டிசெம்பர் 2

விடியும்வரை நல்ல நித்திரை.

மார்ச் 8

விடுதி யோசனையைக் கம்பனி கைவிட்டுவிட்டது. லயத்துக் குடும்பங்கள் வீடு கட்டத் தோட்டத்துச் சமவெளியில் நிலம் ஒதுக்கினார்கள், வரைபடம் என்னுடையது. இன்று அத்திவாரம் வெட்டினார்கள். சமையலறை எந்தப் பக்கம் என்று லோகேஸ்வரிக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் பெரிய வாக்குவாதம். நான் தலையிடவில்லை. இரண்டு விதமாகவும் கீறிக் கொடுத்துவிட்டு, அவர்கள் தந்த சோற்றைச் சாப்பிட்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.