படகுக்காரியின் இடது கை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். மேஜை டிராயரில் வைத்துவிட்டு, “நீ மெதுவா பேசறதுக்கு நான் எதுக்கு மெஷின் மாட்டணும்?” என்று என்னையே கேட்கிறாள். நீயும் அத்தானும் சுகமா? இல்லையென்றாலும் நீ சொல்லப்போவதில்லை, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று அத்தான் சிரிப்பார். போனில் நான் கொஞ்சம் கனமான பேச்சை எடுத்தாலே உன் வீட்டு அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, பார்!

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். ‘படகுக்காரி’ வீடியோ கேமைப் படமாக எடுக்கப்போகிறார்கள். இயக்குநர் உன் தங்கைதான். என்னைவிடப் பெரிய பெயர்கள் வரிசையில் நின்றன. தயாரிப்பாளரிடம் நேராகவே சொன்னேன், “அவங்க எடுத்தா கேம் மாதிரி இருக்கும். நான் எடுத்தா படம் மாதிரி இருக்கும். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க சார்” என்று. மனிதர் அரண்டுபோய் ஒப்பந்தத்தை நீட்டினார். நீ அங்கே இருந்திருந்தால் மேஜைக்கடியில் என் காலை மிதித்திருப்பாய்.

அந்தப் படகுக்காரியின் உடம்பு உன்னுடையது என்று அங்கே யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. உன் அசைவைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்வதற்காகக் கறுப்பு உடையில் வெள்ளை உருண்டைகளை ஒட்டிக்கொண்டு நீ நடந்ததும் குதித்ததும் துடுப்பைச் சுழற்றியதும்தான் கேமில் அவள் செய்வதெல்லாம். முகம் மட்டும் கம்பெனிக்காரர்கள் வரைந்தது. இப்போது அந்தக் கம்பெனியில் இருப்பவர்கள் எல்லாரும் புதியவர்கள். சண்டைக் காட்சிகளில் நாயகிகளுக்குப் பதிலாகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்த ஒருத்தி இன்று ஏதோ ஓர் ஊர் நீச்சல் குளத்தில் பொடிசுகளுக்குக் கையும் காலும் அடிக்கக் கற்றுக்கொடுக்கிறாள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஷட்டில் ஆடும் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நாயகியைத் தேடிக்கொண்டிருக்கிறோம். நீல ரப்பர் தரை, யாரோ விட்டுப்போன இறகுப்பந்துகள், காற்றே இல்லாத மின்விசிறி. துடுப்பு இன்னும் செய்து வரவில்லை என்பதால் தரை துடைக்கும் மாப்பைக் கையில் கொடுத்துச் சண்டை போடச் சொல்கிறோம். நல்ல நல்ல பெண்கள் வருகிறார்கள். சண்டை முடிந்ததும் நான், “இப்ப சும்மா நில்லும்மா, எதுவும் பண்ணாத” என்பேன். ஒவ்வொருத்தியும், ஒருத்தி பாக்கியில்லாமல், மாப்பை வலது தோளில் சாய்த்து, இடது கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

நடிகர் தேர்வைக் கவனிக்கும் காஸ்டிங்காரர் மத்தியானத்துக்குள் சலித்துப்போய், “என்ன மேடம், வந்ததெல்லாம் வயித்துவலி கேஸா இருக்கு?” என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவர் எனக்காகக் கேமைப் போட்டுக் காட்டினார். விளையாடுகிறவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தால், திரையில் படகுக்காரியும் சும்மா நிற்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் இடது கை தானாக அங்கே போகிறது. அங்கேயே இருக்கிறது. ரசிகர்கள் இதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்களாம். உள்ளே கத்தி ஒளித்திருக்கிறாள், பழைய காயம், பசி என்று அவரவர் வாய்க்கு வந்தபடி.

எனக்குத் தெரியும் அக்கா. கேமுக்காக நீ பாய்கிற வேலையெல்லாம் முடிந்து, நிற்பதும் நடப்பதும் மட்டும் பாக்கியிருந்த வாரம் அது. உனக்கு அப்போது மூன்று மாதம். உன்னையும் அத்தானையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. நிற்கும்போது உன் கை உனக்கே தெரியாமல் அங்கே போயிருக்கிறது. கம்பெனிக்காரர்கள் அதை நடிப்பு என்று நினைத்து அப்படியே வைத்துக்கொண்டார்கள். பிறகு அது நிலைக்கவில்லை. வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, உனக்கும் இருக்கட்டும். காஸ்டிங்காரர் கேமைக் காட்டிய அன்று கூடத்தின் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

அந்தக் கை படத்தில் வந்தே ஆகவேண்டும் என்று கம்பெனி பிடிவாதமாக இருக்கிறது. கத்திக்காயம் என்று காரணமும் எழுதித் தந்திருக்கிறார்கள். உன் கையை வைத்து நான் என்ன செய்யட்டும்? சண்டைபோட நான் தயார். எந்தப் பக்கம் நின்று போடவேண்டும் என்று மட்டும் சொல்லு.

அத்தானுக்கு என் வணக்கம். பதில் எழுது. மழுப்பாதே.

அன்புடன்,
உன் தங்கை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் கிடைத்தது. பதில் என்று சொன்னால் பதிலுக்கே கோபம் வரும். ‘அதெல்லாம் பழைய கதை. உன் படம், உன் இஷ்டம். நேரத்துக்குச் சாப்பிடு.’ தந்தி அடிக்கிறவர்கள்கூட இதைவிட நாலு வார்த்தை கூடச் சேர்ப்பார்கள்! சரி, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

நாயகி கிடைத்துவிட்டாள். கேள். தயாரிப்பாளர் ஏற்கெனவே ஒரு நட்சத்திரத்தை மனதில் வைத்திருந்தார். அழகி, நல்லவள், மாப்பைத் தூக்கி இரண்டு சுற்று சுற்றியதும் “இதுக்கு டூப் இருக்காங்கல்ல?” என்று கேட்டாள். உன்னை நினைத்துக்கொண்டேன். கடைசியில் வந்தாள் ஒருத்தி. ஜூடோ விளையாட்டுக்காரி, தோள் இரண்டும் அலமாரி மாதிரி இருக்கும். தமாஷ் என்னவென்றால், எங்கள் சண்டைப் பயிற்சியாளரையே தூக்கித் தரையில் போட்டுவிட்டு “சாரி சார், பழக்கதோஷம்” என்றாள். அவர் எழுந்ததும் கைதட்டினார்.

அவளையும் சும்மா நிற்கச் சொன்னேன். கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். அவ்வளவுதான், வயிற்றுப் பக்கமே கை போகவில்லை. கேம் விளையாடியதில்லையா என்று காஸ்டிங்காரர் கேட்டார். மூன்று தடவை முடித்திருக்கிறாளாம். அப்புறம் ஏன் கையை வைக்கவில்லை என்று நான் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நாம கன்ட்ரோலரை விட்டப்புறம்தான் மேடம் அவ அதைச் செய்யறா. நாம விளையாடறப்ப அவ நமக்காக ஓடறா, சண்டை போடறா. நாம விட்டதும் அவளுக்குன்னு எதையோ பிடிச்சுக்கறா. நீங்க எல்லாரும் பார்க்கிறப்ப நான் அதைச் செஞ்சா திருடின மாதிரி இருக்கும்.”

படத்தை எப்படி எடுப்பது என்று நான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததை இந்தப் பெண் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அந்த இடத்திலேயே, “நீதான் படகுக்காரி, போய்ச் சாப்பிடு” என்றேன். தயாரிப்பாளர் குதித்தார். குதிக்கட்டும், ரப்பர் தரைதானே. சாயங்காலம் அவள் மாப்போடு படி ஏறி ஓடுவதைப் படம்பிடித்துப் போட்டுக் காட்டினேன். இரண்டாம் தடவை போடச் சொன்னபோதே அவர் வழிக்கு வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

கம்பெனி அதிகாரிதான் மசியவில்லை. பளபளவென்று ஒரு பையோடு வந்து, “ரசிகர்கள் எதிர்பார்க்கிற விஷயம் மேடம், கத்திக்காயத்தை ஒரு ஃப்ளாஷ்பேக்ல காட்டிடுங்க” என்றார். காயமும் கிடையாது, கையும் கிடையாது, அது என் படத்தில் வராது என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் வேறு இயக்குநரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். தாராளமாகப் பாருங்கள், ஆனால் ஜூடோக்காரி என்னோடு வந்துவிடுவாள் என்றேன். இருவரும் டீ குடித்தோம், இருவருடைய டீயும் ஆறிப்போயிருந்தது. ஷூட்டிங் தொடங்குவதற்குள் முடிவு சொல்வார்களாம்.

ஆக, உன் கையை யாரும் தொடமாட்டார்கள். அது என் பொறுப்பு. உனக்கு நிம்மதிதானே? அத்தானிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். நீ உள்ளதைச் சொல்லமாட்டாய், அவருக்குப் பொய் சொல்ல வராது.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். காது மெஷின் இன்னும் டிராயரில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் தங்கை

என் அருமை அக்காவுக்கு,

அத்தான் என்னோடு பேசினார். அவரைத் திட்டாதே. நானாகத்தான் கூப்பிட்டேன். படத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன், அக்கா நிம்மதியாக இருப்பாள் அல்லவா என்று பெருமையாகத்தான் கேட்டேன். அவர், “எடுத்துடாதம்மா” என்றார்.

நீ வீட்டில் அந்தக் கேமைப் போடுவாயாமே. விளையாட மாட்டாயாம். அவளைப் படகுத்துறை வரைக்கும் நடத்திக்கொண்டு போய், கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே இருப்பாயாம். “நான் உள்ள வந்தா நியூஸுக்கு மாத்திடுவா. நானும் நியூஸ் பார்க்கிற மாதிரி பக்கத்துல உட்கார்ந்துக்குவேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் ஒரு முட்டாள், அக்கா. அந்தக் கை உனக்கு வலி என்றுதான் நினைத்தேன், அதை மறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். உனக்கு அதைப் பார்க்க அந்த ஓர் இடம்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உட்கார்ந்து யோசித்தேன். எழுந்து போய்க் கம்பெனி அதிகாரியிடம், “கை வரும். ஆனா காரணம் வராது. கத்தி, காயம், ஃப்ளாஷ்பேக் எதுவும் கிடையாது” என்றேன். ஜெயித்துவிட்டதாக அவருக்கு ஒரே சந்தோஷம். இருக்கட்டும். முதலில் கேமுக்கு உடம்பு கொடுத்தவரே வந்து நின்றாலும் நிற்கலாம், யார் என்று மட்டும் கேட்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். எழுந்து நின்று கைகொடுத்தார். நீ வந்தாலும் வராவிட்டாலும் உன் பெயர் என் வாயிலிருந்து வராது.

காட்சி இதுதான். படத்தின் கடைசி. வெள்ளத்தில் மாட்டிய ஊர்க்காரர்கள் எல்லாரையும் படகுக்காரி அக்கரை சேர்த்தாகிவிட்டது. வெள்ளம் வடிந்துவிட்டது. படகுத்துறையில் யாரும் இல்லை. அவள் முதுகு மட்டும்தான் தெரியும், முகம் தேவையில்லை. ஜூடோக்காரியிடம் சொன்னேன். “இது மட்டும் நான் வேண்டாம் மேடம், அவங்க வந்தா நான் துடுப்பைத் துடைச்சு வைக்கிறேன்” என்றாள். உடை உன் அளவுக்கே தைக்கச் சொல்லியிருக்கிறேன். இடுப்பு கொஞ்சம் தாராளமாக. கோபித்துக்கொள்ளாதே, நானும் அப்படித்தான் ஆகியிருக்கிறேன்.

எப்படி எடுக்கப்போகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஓடவிட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் போய்விடுவோம். ஒளிப்பதிவாளர், லைட்காரர்கள், நான், எல்லாரும். ஆக்‌ஷன் என்று யாரும் கத்தமாட்டார்கள், கட் என்றும் சொல்லமாட்டார்கள். நீ சும்மா நின்றால் போதும். கை போனால் போகட்டும். போகாவிட்டால் தொங்கவிட்டு நின்றுவிட்டு வா, அதையும் வைத்துக்கொள்வேன். உனக்கு எப்போது போதும் என்று தோன்றுகிறதோ அப்போது நடந்து வந்துவிடு. அத்தான் பாதை முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், அவருக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுக்கிறேன்.

நீ வராவிட்டால் அந்தக் காட்சி இல்லாமல் முடித்துவிடுவேன். அப்போதும் படம் நன்றாகத்தான் இருக்கும், எடுப்பது நான். இதை உன்னைப் பயமுறுத்தவோ மடக்கவோ எழுதவில்லை. படத்துக்காகக் கேட்கவில்லை என்று உனக்குத் தெரியவேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

எனக்காகக் கேட்கிறேன். உனக்கு மூன்று மாதம் என்று நீ என் காதில் சொன்ன அன்றிலிருந்து, யாரும் பக்கத்தில் இல்லாதபோது நான் என்னையே ‘சித்தி, சித்தி’ என்று கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டு அலைந்தேன். குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பிறகு நீ அதைப் பேசவில்லை, உனக்கு வலிக்கும் என்று நானும் பேசவில்லை. அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட வேறு யாரும் பிறக்கவும் இல்லை. உலகத்தில் எத்தனையோ பேர் அதைத் தெரியாமல் பார்த்துவிட்டார்கள். தெரிந்து ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது. வா அக்கா. அதையும் கூட்டிக்கொண்டு வா.

வழியைப் பார்த்திருக்கும்,
சித்தி