கடலோரத்தில் இரண்டு ஸ்வெட்டர்

சனிக்கிழமை இரவு, ஆலப்புழை.

விடிந்தால் அரை மாரத்தான், இருபத்தொரு கிலோமீட்டர். இன்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் பத்தே நிமிடம் ஓடிப் பார்த்தேன். தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மலையூர் சூரியநெல்லியில் தேயிலைக் காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் ஓடினாலும் தாகமே எடுக்காது. ஓடும்போது தண்ணீர் குடித்துப் பழகவே இல்லை. இங்கே குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வேர்க்கிறது. ஊரில் மேட்டில் வாங்கும் மூச்சை இறக்கத்தில் ஆற்றிக்கொள்வேன். இந்தச் சாலையில் இறக்கமே கிடையாது.

துணைக்கு வந்த, எஸ்டேட்டில் பக்கத்து லயத்து வீட்டுக் கனகா பயந்துவிட்டாள். "வேண்டாம்க்கா, காலைல பஸ் ஏறிருவோம். யாரு என்ன சொல்லப்போறா?"

"சூப்பர்வைசர் சொல்லுவாரு. கொழுந்து கிள்ளுறவளுக்கு எதுக்கு ஓட்டம்னு, லீவு கேட்டப்பவே சிரிச்சாருல்ல?" அவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம்.

எட்டு மணிக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். கடல் பக்கமே போகாத மனுஷன். "விடியக்காலம் பனி கொட்டும். பையில ரெண்டு ஸ்வெட்டர் வச்சிருக்கேன், போட்டுக்கிட்டு ஓடு."

"சரி" என்றேன். தலை சுற்றியதைச் சொல்லவில்லை. "வேண்டாம், வந்துரு" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போய்விடுவேன். அதனால்தான் சொல்லவில்லை.