போகும்போது சொன்ன வாங்க

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணன், அண்ணி, அவர்கள் பெற்ற சுண்டெலி எல்லாரும் சௌக்கியம், என் முட்டி மட்டும் சௌக்கியமில்லை, அதை விடு, அது பழைய கதை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் சுகமாக இருக்க வேண்டும், உடம்புக்கு ஏதாவது என்றால் போன தடவை மாதிரி எல்லாம் சரியான பிறகு சொல்லாமல் அப்போதே சொல். போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ நடுவில் சிரிக்கிறாய், இல்லாவிட்டால் பிள்ளை அழுகிறான் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் என்றால் நான் பேசி முடிக்கிறவரை யாரும் குறுக்கே வர முடியாது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான், அதிலும் பாதியில் என்னை நிறுத்தியது யார் என்று உனக்குத் தெரியும், உன் தாத்தா செத்துப்போய்விட்டார் என்பதற்காக நான் அதை மறந்துவிடவில்லை.

நம் சுண்டெலிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஏழு வயது முடிந்தது. உன் காலத்தில் பிறந்தநாள் என்றால் ஒரு புது கவுன், ஒரு கேக், ஆளுக்கு ஒரு பலூன், விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாரும் அவரவர் வீட்டில். இப்போது அப்படி இல்லையாம், தீம் வேண்டுமாம். தீம் என்றால் என்ன என்று உன் அண்ணியிடம் கேட்டேன், வீடு முழுக்க ஒரே விஷயமாக இருக்க வேண்டும் என்றாள். வீடு முழுக்க ஒரே விஷயமாகத்தானே இருக்கிறது, மடிக்காத துணி, என்றேன். அன்று சாயந்திரம் வரை அவள் என்னோடு பேசவில்லை. கீழ் வீட்டுப் பல் டாக்டர் தன் மகனுக்குக் கடல் தீம் வைத்தாராம், சுவரெல்லாம் நீலக் காகிதம், மீன் மாதிரி வெட்டின சாண்ட்விச். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து உன் அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை, அவளும் நீலக் காகிதம் கட்டுக்கட்டாக வாங்கி வந்துவிட்டாள். பிறகுதான் பிள்ளையைக் கூப்பிட்டு "கடலா, காடா, உனக்கு எது வேணும்" என்று கேட்டாள். அது சோபாவில் காலை மேலே போட்டுத் தலையைக் கீழே தொங்கவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியே கிடந்தபடி "எனக்கு எல்லாமே தலைகீழா வேணும்" என்றது. முடிந்தது. அது பிடித்தால் பிடித்ததுதான். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று பேச்சு வரும்போதெல்லாம் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள், ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு பார்க்க வேண்டுமே கூத்தை. அழைப்பிதழை உன் அண்ணன் கம்ப்யூட்டரில் இடம்வலமாக மாற்றி அச்சடித்து வந்தான், கண்ணாடி முன்னால் பிடித்தால்தான் படிக்க முடியும். வருகிறவர்கள் சட்டையைப் பின்பக்கம் பட்டன் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வர வேண்டும். முதலில் ஐஸ்கிரீம், அப்புறம் கேக், கடைசியில் சாப்பாடு. போகும்போது கையில் கொடுக்கிற பரிசை வந்தவுடனே கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் நாற்காலியில், பெரியவர்கள் தரையில், பெரியவர்கள் பாத்ரூம் போவதானால்கூடப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். நீலக் காகிதம் வீணாகக் கூடாதென்று தரையில் ஒட்டி அதுதான் வானம் என்றாள் உன் அண்ணி. சுவரில் இருந்த படங்களை எல்லாம் உன் அண்ணன் தலைகீழாக மாட்டினான், உன் அப்பா படத்துக்கும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவர் இருந்த காலத்தில் நான் சொன்ன எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் செய்தார், இப்போதாவது நேராக இருக்கட்டும் என்று நான் தடுத்துவிட்டேன். எனக்கு வாசல் வேலை. வருகிறவர்களுக்கு "போயிட்டு வாங்க" சொல்ல வேண்டும், போகிறவர்களுக்கு "வாங்க வாங்க" சொல்ல வேண்டும். உடுப்பை மாற்றிப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சுண்டெலி என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "பாட்டி எப்பவுமே தலைகீழ்தான், அப்படியே இருக்கட்டும்" என்றது.

இதுவரைக்கும் எனக்கும் சந்தோஷம்தான். அப்புறம்தான் உன் அண்ணி சமையலறையில் என் முகத்தைப் பார்க்காமல், "அத்தை, அவங்க மாமியாரையும் கூப்பிட்டிருக்கேன்" என்றாள். எவங்க மாமியார் என்று தெரியாததுபோலக் கேட்டேன். உன் மாமியார். இது உன் அண்ணிக்குத் தானாகத் தோன்றினது இல்லை, அங்கே உட்கார்ந்துகொண்டு நீ இழுத்த கயிறு என்று எனக்குத் தெரியாதா. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிற வரைக்கும் நான் ஊருக்கு வரப்போறதில்லம்மா, வந்தாலும் லாட்ஜ்ல ரூம் போட்டுக்குவேன், ரெண்டு வீட்டு வாசப்படியும் மிதிக்க மாட்டேன்" என்று சொன்னாயே. நீ அதைச் சொன்னபோது நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன், அது பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தது. பேரனுக்கு இரண்டு வயது ஆகிறது, நான் அவனைப் போனில்தான் பார்த்திருக்கிறேன். பாட்டிக்கு முத்தம் கொடு என்றால் விரலால் என் மூக்கில் ஒரு தட்டுத் தட்டுகிறான், நான் அணைந்து போகிறேன்.

அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா. உனக்குக் கல்யாணமான அடுத்த மாதம் உன்னைப் பார்க்க இரண்டு பஸ் மாறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நீ வேலைக்குப் போயிருந்தாய். வாசலில் பச்சை மிதியடி, அதில் ஒரு ஓரம் பிரிந்திருந்தது. கதவைத் திறந்தது உன் மாமியார். சாம்பல் நிறச் சேலை, முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தாள், கை ஈரம். என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. வாங்க என்று ஒரு வார்த்தை, மீட்டர் பார்க்க வருகிறவனுக்குக்கூடச் சொல்கிற வார்த்தை, பெண்ணைக் கொடுத்தவளுக்கு இல்லை. ஈரக் கையை என் பக்கம் ஒரு உதறு உதறிவிட்டு உள்ளே போனாள், என் மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் தெறித்தது. பழத்தை மிதியடி மேல் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். இவளை என் வாயால் வா என்று கூப்பிடுவதில்லை என்று அந்த பஸ்ஸில் வைத்தே முடிவு செய்தேன். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டு, ஜன்னல் ஓரம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிள்ளைகள் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தன, ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டன. பல் டாக்டர் கோட்டைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு வந்து ஜூஸ் தட்டின்மேல் உட்கார்ந்தார். கடைசியாக லிஃப்ட் திறந்தது, உன் மாமியார். அவள் வருவாள் என்றே நான் நினைக்கவில்லை, வந்தாலும் விறைப்பாக வருவாள் என்று நினைத்தேன். கொண்டையை நெற்றிக்கு மேலே முடிந்து, மூக்குக்கண்ணாடியைப் பின்மண்டையில் மாட்டிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் பின்பக்கமாக நடந்து வருகிறாள். நான் முதுகைத்தான் முதலில் பார்த்தேன், பரவாயில்லை, அந்தப் பக்கம்தான் எனக்குப் பழக்கம். எல்லாருக்கும் "போயிட்டு வாங்க" என்று முழுசாகச் சொன்னேன். அவளுக்கு "போயிட்டு" என்பதோடு நிறுத்திக்கொண்டேன், மீதியை விழுங்கிவிட்டேன். இத்தனை வருஷமாக அவளிடம் சொல்ல நினைத்தது சட்டப்படியே சொல்லக் கிடைத்தால் விடுவேனா. அன்று ஐஸ்கிரீம்கூட அவ்வளவு இனிக்கவில்லை.

பார்ட்டி நன்றாகத்தான் நடந்தது, இல்லை என்று சொன்னால் உன் அண்ணி முகம் வாடும். மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு ஏற்றினார்கள். நாற்காலியைச் சுற்றி ஓடுகிற விளையாட்டில் உட்கார இடம் கிடைக்காதவர்தான் ஜெயித்தவர், உன் அண்ணன் முதல் ஆட்டத்திலேயே ஜெயித்துவிட்டான், அவனுக்கு எங்கே இடம் கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் பெரியவர்களை மிரட்டின, "போனைக் கீழ வை, எத்தனை தடவை சொல்றது" என்று உன் அண்ணியின் குரலிலேயே ஒன்று கத்தியது, அதை மட்டும் நான் ரசித்தேன். உன் மாமியார் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, எது கேட்டாலும் இல்லை என்று சொல்ல ஆமாம் என்று தலையாட்டினாள். பிள்ளைகள் அவளையே சுற்றிக்கொண்டன. எனக்கு அது பிடிக்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். வந்தவள் போகத்தானே வேண்டும். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், நானும் "வாங்க வாங்க" என்று சிரித்துச் சிரித்து அனுப்பினேன். கடைசியில் அவள் நின்றாள், செருப்பை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, முகம் என் பக்கம், முதுகு லிஃப்ட் பக்கம். நான் வாயை மூடிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தேன். உன் அண்ணன் கையில் துடைப்பத்தோடு நின்றுவிட்டான், உன் அண்ணி தட்டோடு நின்றுவிட்டாள். சுண்டெலி என் சேலையைப் பிடித்து இழுத்து, "பாட்டி, ரூல் ரூல்தான், சொல்லு" என்றது. நான் இருமினேன். அது இன்னொரு தடவை இழுத்தது. "பாட்டி, நீ சொல்லலேன்னா என் பர்த்டே முடியாது, நான் ஆறு வயசிலயே நிப்பேன்" என்று கண்ணில் தண்ணீரை வைத்துக்கொண்டு சொன்னது. எனக்கு அப்போது அந்த லாட்ஜ் ஞாபகம் வந்தது. நீ ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், நடுவில் என் பேரன் யாருடைய கட்டிலிலோ தூங்குகிறான். உள்ளே விழுங்கி வைத்திருந்த பாதியை எடுத்துச் சொன்னேன். "வாங்க." ஒரு வார்த்தைக்கு வாய் அவ்வளவு வறண்டு போகும் என்று எனக்குத் தெரியாது.

சொன்னால் சொன்னபடி போக வேண்டியதுதானே. அவள் செருப்பைக் கழற்றினாள், நேராக நடந்து உள்ளே வந்தாள், வீட்டில் நேராகக் கிடந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள், அது என் நாற்காலி. "வாங்கன்னு சொன்னீங்களே சம்பந்தி, வந்துட்டேன்" என்றாள். "அன்னிக்கு நீங்க ஏன் திரும்பிப் போனீங்க" என்று அவள் என்னைக் கேட்கிறாள், அவள் என்னை. எனக்கு வந்த கோபத்தில் பச்சை மிதியடியிலிருந்து பஸ் சீட்டு வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ சம்பந்தி, அன்னிக்குக் காலையிலதான் கடைவாய்ப் பல்லு புடுங்கியிருந்தாங்க. வாய் நிறையப் பஞ்சு, திறந்தா ரத்தம். கையாலதான் உள்ள வாங்கன்னு காட்டினேன். போய்ப் பஞ்சைத் துப்பிட்டு வந்து பார்த்தா, பழம் இருக்கு, உங்களைக் காணோம்." பிறகு போன் செய்தாளாம், நான் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேனாம். வைத்தேன்தான், வா என்று சொல்லாதவளோடு போனில் பேச எனக்கு என்ன இருக்கிறது. "அப்புறம் எனக்கும் ரோஷம் வந்துடுச்சு" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அந்தப் பழம்தான் சம்பந்தி, மெல்ல முடியாம கிடந்தப்போ எனக்குச் சாப்பாடே அதுதான்" என்றாள். ஆக, வா என்று சொல்லாத வீட்டில் என் பழம் மட்டும் உள்ளே போயிருக்கிறது.

என் ஞாபகத்தில் ஒரு தப்பும் இல்லை, கையை உதறினதை அவளே ஒத்துக்கொண்டாள். பல்லைக் காட்டச் சொன்னேன், காட்டினாள், இடது பக்கம் கீழே ஒரு ஓட்டை இருக்கிறது. ஆனால் எப்போது எடுத்தது என்று ஓட்டையா சொல்லும். மறுநாள் கீழே இறங்கிப் பல் டாக்டரிடமே கேட்டேன், பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கும்போது பேசக் கூடாதுதான் என்றார், அவரும் அவள் பக்கம். நான் இன்னும் முழுசாக நம்பவில்லை, பாதி நம்புகிறேன், மீதியை நீ வந்த பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

வந்த பிறகு என்று ஏன் எழுதுகிறேன் என்றால், அன்று அவள் இரண்டாவது தடவை கிளம்புவதற்குள் நாங்கள் சண்டை போட்டுவிட்டோம். நீ வந்து இறங்கியதும் முதலில் தன் வீட்டுக்குத்தான் என்கிறாள், மகன் வீடு என்கிறாள். பெற்றவள் வீடு என்கிறேன் நான். நேற்றும் போன் செய்து அரை மணி நேரம் அதையே பேசினாள், நானும் விடவில்லை, இன்று நான் செய்வேன். நீ போட்ட நிபந்தனை நாங்கள் பேச வேண்டும் என்பதுதான், என்ன பேச வேண்டும் என்று நீ சொல்லவில்லை. ஆகையால் லாட்ஜைப் பற்றிய பேச்சு இனிமேல் வேண்டாம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். விமானத்தில் பிள்ளைக்குக் காது அடைக்கும், குடிக்க ஏதாவது கொடுத்துக்கொண்டே இரு. நீயும் பிள்ளையும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், என்னைவிடக் கொஞ்சம் மறதியோடு. டிக்கெட் போட்டதும் தேதியை எனக்கு முதலில் சொல், அவளுக்கு அடுத்த நாள் சொல்லிக்கொள்ளலாம். லிஃப்ட் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். ஆனால் அவளும் வந்து பக்கத்தில் நிற்பாள், முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள், இப்போது அவள் வாயில் பஞ்சும் இல்லை. அதனால் நான் இங்கேயே இப்போதே எழுதி வைக்கிறேன். வா.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா